ரெண்டு கார்னரை மட்டும் கூட்டி வந்த கதை

கால்பந்து அணிக்கு ஆள் தேடும் வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் உங்களிடம் ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பணிக்காலத்தில் நான் போட்ட மிகச் சிறந்த தடுப்பு வரிசையின் நான்கு பேரை, அவர்கள் யாரென்று எனக்கே தெரிவதற்கு முன்னால் மேலாளரிடம் பெயர் சொல்லி எழுத வைத்தேன். அதில் ஒரு பெயர் என் மாமனாருடையது.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் தொழிலாளர் அணிக்கு நான் பயிற்சியாளராக இருந்தேன். முட்டி இரண்டும் மடங்க மறுத்ததால் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சமீபத்தில்தான் வெளியே வந்தேன். இது அதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது. எங்கள் அணி நன்றாக கோல் அடிக்கும். அதைவிடத் தாராளமாக வாங்கும். இரண்டு அடித்து நாலு வாங்கிவிட்டு, “ஆனா ஆட்டம் நல்லா இருந்துச்சுல்ல சார்” என்று என்னையே தேற்றுவார்கள்.

ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டார். சுண்ணாம்புக்கல் ஏற்றி வரும் டிப்பர்கள் நிற்க இடமில்லாமல் ரோட்டில் வரிசை கட்டுகின்றன, ஊர்க்காரர்கள் சத்தம் போடுகிறார்கள், ஆலைக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் ஒரே சமதளம் உங்கள் மைதானம்தான் என்றார்.

“சும்மா கிடக்கல சார். டெய்லி விளையாடுறோம்.”

“விளையாடுறது தெரியுது. ஜெயிக்கிறதுதான் தெரியல.” பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டார். “வர்ற டோர்னமென்ட்ல செமிபைனல் வரைக்கும் வாங்க, நான் மேல பேசுறேன். வரலேன்னா அதுக்கடுத்த திங்கக்கிழமை டிப்பர் நிக்கும். கோவிச்சுக்காதீங்க.”

நான் கோபித்துக்கொள்ளவில்லை. பயந்தேன். பயந்தால் சிலருக்கு வாய் உலரும். எனக்கு நீளும்.

“புது டிபென்ஸ் போடுறோம் சார். ஆளும் ரெடி.”

“எத்தனை பேரு?”

“நாலு.”

“பேரச் சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்று பேனா மூடியைக் கழற்றினார்.

சுவரில் ஒரு ஹார்டுவேர் கடை காலண்டர் தொங்கியது. கடை முதலாளியின் பெயரையும் அவர் தம்பியின் பெயரையும் சொன்னேன். அந்நேரம் டீ கொண்டு வந்தவரின் பெயர் மூன்றாவது. நாலாவதுக்கு மூளை நின்றுபோய், என் மனைவியின் அப்பா பெயர் வாயில் வந்தது. மேலாளர் அதை அழகான கையெழுத்தில் எழுதி, “இந்தப் பேரே ஒரு கம்பீரமா இருக்கு” என்றார்.

இப்படித்தான் ஆள் தேடும் படலம் ஆரம்பித்தது. கையில் ஒன்றரை மாதம்.

திட்டம் என்னவோ நல்ல திட்டம்தான். அதுவரை எங்கள் பின்வரிசையில் ஆளுக்கு ஆள் துரத்தல். எதிரணிக்காரன் எங்கே போனாலும் இவனும் போவான்; அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடப் போவான். புதுத் திட்டத்தில் நாலு பேரும் ஒரே கோடாக நிற்க வேண்டும். ஒருவன் இறங்கினால் நாலு பேரும் இறங்க வேண்டும், ஏறினால் நாலு பேரும் ஏற வேண்டும். சரியான நேரத்தில் நாலு பேரும் சேர்ந்து இரண்டு எட்டு முன்னால் வைத்தால், எதிரணி முன்கள ஆள் கோட்டுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான், ஆஃப்சைடு; உதவி நடுவர் கொடி தூக்குவார், அவன் அடித்த கோல் செல்லாது. ஒருவன் மட்டும் ஏற மறந்தால் கதை முடிந்தது.

எங்களிடம் இருந்தவர்களில் ராஜேந்திரன் பெரிய ஆள். கல் உடைக்கும் கிரஷர் பிரிவில் வேலை, நாற்பதை நெருங்கும் வயசு. தனி ஆளாகப் பார்த்தால் மாவட்டத்திலேயே அவரைத் தாண்டிப் போவது கஷ்டம். அவருக்குப் பக்கத்தில் பன்னீர். இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஷிப்டுக்கு வருவார்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். ராஜேந்திரனிடம் புதுத் திட்டத்தை விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “சரி சார். இப்ப நான் யார துரத்தணும்?” என்றார்.

வெளியே தேடினேன். ஜெயங்கொண்டம் பக்கம் ஒருவன் அருமையாக ஆடுகிறான் என்றார்கள். போய்ச் சேர்ந்தபோது அவன் சிங்கப்பூர் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. பெரம்பலூருக்கு வடக்கே ஒரு ஊரில் ஒருவன் ஆறடி உயரம் என்றார்கள், உயரம் உண்மைதான். அன்று திரும்பி வரும் வழியில் வாலிகண்டபுரம் தாண்டி பஸ் டயர் வெடித்து நின்றது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கிவிட்டார். கொஞ்சம் தள்ளி ஒரு அரசுப் பள்ளி மைதானத்தில் ஊர் இளைஞர்கள் கபடி ஆடுகிற சத்தம் கேட்டது. வேறு வேலை இல்லாமல் போய் நின்றேன்.

நின்றவன் நின்றவன்தான். பாடிக்கொண்டு வருகிறவன் இந்தப் பக்கம் நாலடி போனால், எதிரே ஏழு பேரும் திரை அசைகிற மாதிரி நாலடி நகர்கிறார்கள். அவன் திரும்பினால் இவர்களும் திரும்புகிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பார்வை எல்லாம் வருகிறவன் காலில். பக்கத்தில் இருப்பவன் எங்கே இருக்கிறான் என்பது கையில் தெரிகிறது. நான் ஒரு வாரமாக போனில் வீடியோ போட்டு விளக்கிக்கொண்டிருந்த சங்கதி இங்கே வெறுங்காலில் நடந்துகொண்டிருந்தது.

பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். விசாரித்ததில் எல்லாருமே பள்ளிக்கூட காலத்தில் கால்பந்தும் ஆடியவர்கள்தான். இதுவரைக்கும் நான் புத்திசாலி. இங்கிருந்து பாருங்கள்.

அந்த அணிக்குப் பயிற்சி கொடுப்பவர் பள்ளியின் பி.டி. டீச்சர். ஐம்பது வயசு இருக்கும், புடவைக்கு மேல் சட்டை, கழுத்தில் விசில். விஷயத்தைச் சொன்னேன். மைதானம் போகப் போகிறது என்பதையும் சொன்னேன். அதுவரை நிற்க வைத்தே பேசியவர், மைதானம் என்றதும் பெஞ்சில் இடம் கொடுத்தார்.

“எத்தன பேரு வேணும்?”

“ரெண்டு பேரு குடுங்க டீச்சர். நல்ல ரெண்டு பேரா.”

“கத்திரிக்கா கேக்கற மாதிரி கேக்குறீங்க. யாரு அந்த நல்ல ரெண்டு பேரு?”

இரண்டு ஓரங்களிலும் நின்ற இருவரைக் காட்டினேன். இடது ஓரத்தில் செல்வம், பொக்லைன் ஓட்டுகிறவன். பாய்ந்தால் பார்க்கக் கண் கூசும். வலது ஓரத்தில் அருள், கணுக்காலைப் பிடித்தால் விடவே மாட்டான். கூட்டம் கைதட்டியதெல்லாம் அந்த இரண்டு பேருக்குத்தான்.

“அவனுங்க கார்னர் சார், ஓரத்து ஆளு. பக்கத்துல நிக்கறானுங்களே, தங்கராசும் ஜமாலும், அவனுங்க ‘இன்’னு, உள்பக்கத்து ஆளு. கார்னர் கைய இன்னு புடிச்சுக்கும். அது சேந்து ஒரு சரக்கு. பாதிய மட்டும் கொண்டுட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?”

தங்கராசைப் பார்த்தேன். குட்டை. மொபைல் கடை வைத்திருக்கிறான். அரை மணி நேரத்தில் அவன் எதையும் பிடித்து நான் பார்க்கவில்லை. ஜமால் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், பேசவே மாட்டான். இருவரும் ஏதோ கூட நிற்பதற்காக வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

“எங்கிட்ட நடுவுல ஆளு இருக்காங்க டீச்சர். ரொம்ப அனுபவசாலிங்க” என்றேன்.

டீச்சர் விசிலைத் துடைத்துக்கொண்டே, “அப்ப கூட்டிட்டுப் போங்க” என்றார். சண்டை போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். சிரித்துவிட்டார்.

மூன்று வாரம் பயிற்சி. பிறகு வரதராஜன்பேட்டையில் ஒரு நட்பு ஆட்டம். ஓரங்களில் செல்வமும் அருளும், நடுவில் ராஜேந்திரனும் பன்னீரும். காகிதத்தில் அந்த வரிசையை எழுதிவிட்டு நானே அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது நிமிஷம் எதிரணி ஆள் ஒருவன் அருளின் தோளில் உரசி, பந்தைப் பின்னால் தட்டிவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் ஓடினான். அருள் கையை உயர்த்திக்கொண்டு அமைதியாக மைதானத்தை விட்டு வெளியே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என்னடா ஆச்சு?”

“தொட்டுட்டு கோட்டத் தாண்டிட்டான் சார்.”

“இது கபடி இல்லடா.”

இரண்டு விநாடி யோசித்தான். “ஆமால்ல சார்” என்று திரும்ப ஓடினான். அதற்குள் அவன் விட்ட இடத்தின் வழியாக கோல் போயிருந்தது.

பத்து நிமிஷம் கழித்து ராஜேந்திரன் ஆட்டத்தின் நடுவிலேயே என்னைப் பார்த்துக் கத்தினார். “சார், இந்தப் பையன் என் கையப் புடிக்கிறான்.” செல்வம் பதறி கையை எடுத்தான். அடுத்த தாக்குதலில் மறுபடி பிடித்தான். ராஜேந்திரன் உதறிவிட்டுத் தன் ஆளைத் துரத்திக்கொண்டு மைதானத்தின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எதிரணிக்கு ஒரு கார்னர் கிக். எங்கள் கோல்கீப்பர் வழக்கம்போல அடித்தொண்டையில் “கார்னர், கார்னர், பாத்து” என்று கத்தினான். தங்களைத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து செல்வமும் அருளும் ஆளுக்கொரு ஓரத்துக்கு ஓடி, காலை அகட்டி, தயாராக நின்றார்கள். நடுவில் ஒரு கல்யாண ஊர்வலம் போகலாம். பந்து போனது.

இந்த இடத்தில் ஒரு பயிற்சியாளர் செய்ய வேண்டியது, வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. நான் செய்தது: கோல்கீப்பரின் குளுக்கோஸ் தண்ணியைக் குடித்தேன். தொப்பியைத் திருப்பிப் போட்டேன். முதல் பாதி முடிவதற்குள் மாற்று ஆட்கள் ஐந்து பேரையும் இறக்கிவிட்டேன். அதில் கோல்கீப்பரையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. இரண்டாம் பாதியில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியபோது போட ஆள் இல்லை. பத்துப் பேரோடு ஆடி ஐந்து கோல் வாங்கினோம். ஊர்க்காரர் ஒருவர் வந்து கை கொடுத்து, “நல்லா பொழுது போச்சுங்க” என்றார்.

வேனில் திரும்பினோம். செல்வம் எனக்குப் பின் சீட்டில் இருந்து மெதுவாக ஆரம்பித்தான்.

“சார், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லு. இனிமே கோவிக்க என்ன இருக்கு.”

“எனக்கு இந்தப் பக்கம் கை காலியா இருக்கு சார்.” வலது கையைக் காட்டினான். “ராஜேந்திரண்ணன் நல்ல ஆட்டக்காரரு. ஆனா ஆளப் பாத்துப் போயிடறாரு. தங்கராசு நின்னா, அவன் ஏறுறது எனக்குக் கையில தெரியும். கை காலியா இருந்தா முன்னாடி வைக்கவே தைரியம் வரல.”

நான் மூன்று வாரமாக அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே வாலிகண்டபுரம் போனேன். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் நாலு விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். எதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. தங்கராசும் ஜமாலும் புது பூட்ஸ் போட்டுக்கொண்டு டீச்சர் பக்கத்தில் நின்றார்கள்.

“ரெண்டு வாரமா பாத்துக்கிட்டு இருக்கோம். இப்பதான் வர்றீங்க” என்றார் டீச்சர்.

அவர் வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் எங்கள் மைதானத்துக்கே வந்தார். முதல் நாளே நாலைந்து துண்டு கொண்டு வந்தார். கார்னர் ஒரு முனை, இன் ஒரு முனை. பிடித்துக்கொண்டே ஏறு, இறங்கு, பக்கம் போ. “துண்டு தொங்கினா நெருங்கிட்டீங்க. விறைச்சா வெலகிட்டீங்க. ரெண்டும் வேணாம்” என்பார். ஒரு வாரம் கழித்துத் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். அவர்கள் துண்டு இருப்பதாகவே நினைத்து ஆடினார்கள். அந்த “கார்னர்” சிக்கலுக்கு நான் ஒரு வழி செய்தேன்: எங்கள் கோல்கீப்பர் இனிமேல் “மூலை” என்றுதான் கத்த வேண்டும். எதிரணிகள் அதை ஏதோ ரகசியச் சங்கேதம் என்று கடைசி வரை நம்பின.

இந்த வேலையில் ஆள் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. புது ஆள் வந்தால் பழைய ஆள் உட்கார வேண்டும், அதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். நான் ராஜேந்திரனை ஓரமாகக் கூப்பிட்டு, “உங்களுக்கு முதுகு வலின்னு கேள்விப்பட்டேன், கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க” என்றேன். எத்தனை கோழைத்தனம் பாருங்கள்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், என்னைத் தூக்குறீங்கன்னா தூக்குறேன்னு சொல்லுங்க. என் முதுகப் பத்தி எனக்கே சேதி சொல்லாதீங்க.”

“தூக்குறேன் ராஜேந்திரன்.”

“எதுக்கு?”

“நீங்க நல்லா ஆடுறீங்க. ஆனா பக்கத்துல இருக்கவன விட்டுட்டுப் போயிடறீங்க.”

அன்று பயிற்சிக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். பன்னீரின் கையில் ஒரு துண்டின் முனையைக் கொடுத்தார். மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டார். மாற்று ஆட்களாக இருவரும் தனியாக ஒரு மூலையில் ஏறி இறங்கிப் பழகினார்கள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவரும் நான் பார்க்காத மாதிரியே நடந்துகொண்டார்.

டோர்னமென்ட்டில் முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதும் ஜெயித்தோம். கால் இறுதியில் பெரம்பலூர் பக்கத்து அணி ஒன்று. எல்லாம் இளசு, முன்னால் ஒருவன் மோட்டார் வைத்த மாதிரி ஓடுவான். இதில் ஜெயித்தால் மைதானம், தோற்றால் டிப்பர். ஒரு கோல் அடித்துவிட்டோம். இன்னும் பத்து நிமிஷம்தான். அப்போது ஜமாலுக்குத் தொடைப் பிடிப்பு வந்து கீழே உட்கார்ந்துவிட்டான்.

ஜமாலுக்குப் பதிலாக ராஜேந்திரன். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். ஒருவன் விழுந்தால் அந்த இடத்தில் இருப்பதிலேயே கெட்டிக்காரனைப் போடுவது. நானும் ராஜேந்திரனைக் கூப்பிட்டுவிட்டேன். அவர் எழுந்து சட்டையைச் செருகிக்கொண்டார். அப்போது வலது ஓரத்தில் அருளைப் பார்த்தேன். ஆட்டம் நின்றிருந்த நேரம். ஜமால் இல்லாத பக்கம் அவன் இடது கை லேசாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது அவனுக்கே தெரியாது.

டீச்சர் ஏதாவது ஜாடை காட்டுவாரா என்று பார்வையாளர் பக்கம் பார்த்தேன். அவர் வேகவைத்த மக்காச்சோளம் கடித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே செய்தார் என்று பின்னால் சொன்னார்கள்.

“பன்னீர், நீயும் போ” என்றேன். “அருள், நீயும் வெளிய வா.”

அன்றைக்கு எங்கள் அணியிலேயே நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் அருள்தான். பெஞ்சில் இருந்தவர்கள் என்னைப் பழைய வரதராஜன்பேட்டைப் பார்வை பார்த்தார்கள். அருள் ஓடி வந்தான். “எனக்கு ஒண்ணுமில்ல சார். நான் நல்லாத்தான இருக்கேன்.”

“நீ நல்லா இருக்க. ஜமால் இல்லையே.”

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. எனக்கே பாதிதான் புரிந்திருந்தது. ஒரு ஜோடியை எடுத்து ஒரு ஜோடியைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். இடது பக்கம் துண்டு ஒன்று, வலது பக்கம் துண்டு ஒன்று.

கடைசி நிமிஷத்தில் அது வந்தது. நடுவில் இருந்து ஒரு நீளமான பந்து, எங்கள் தலைக்கு மேலே போவதற்காகவே உதைத்தது. மோட்டார்க்காரன் கிளம்பிவிட்டான். இருபது வருஷமாக ராஜேந்திரன் அந்த நேரத்தில் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்: பின்னாலேயே ஓடுவார். அவர் தோள் அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயிற்சியாளர் செய்யவே கூடாத காரியம், உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

கண்ணைத் திறந்தபோது பந்து எங்கள் வலைக்குள் இருந்தது. மோட்டார்க்காரன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். எங்கள் நாலு பேரும் அவனுக்கு வெகு முன்னால், கயிறு கட்டி நட்ட மாதிரி ஒரே கோடாக நின்று, நாலு கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜேந்திரன் கையும் அதில் ஒன்று. ஓரத்தில் உதவி நடுவரின் கொடி மேலே இருந்தது.

அரையிறுதியில் மூன்று கோல் வாங்கினோம். அந்தக் கதையை உங்களுக்கு வேறு யாராவது சந்தோஷமாகச் சொல்வார்கள்.

திங்கள்கிழமை மேலாளர் கூப்பிட்டார். அன்று எழுதி வைத்த நாலு பெயரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. சொன்ன வாக்குப்படி மேலே பேசிவிட்டதாகவும், மைதானம் மைதானமாகவே இருக்கும் என்றும் சொன்னார். காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்று யோசிக்கும்போதே, “லாரிக்கு, ஆலைக்குப் பின்னால இருக்க மேட்ட நிரவிக் குடுக்கறோம். வழி மட்டும் கொஞ்சம் வேணும்” என்றார்.

“எது வழியா சார்?”

“உங்க ஸ்போர்ட்ஸ் ரூம இடிச்சா சரியா இருக்கும்.”

அன்றிலிருந்து ஓய்வு வாங்கும் வரைக்கும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் என் ஆபீஸ். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே உட்கார்ந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். யார் கெட்டிக்காரன், யாருக்குக் கைதட்டல் என்பதெல்லாம் தெரியாது. ஒருவனுக்கும் அடுத்தவனுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது மட்டும் பளிச்சென்று தெரியும். அதற்கப்புறம் நான் எடுத்த ஆட்களையெல்லாம் அங்கிருந்துதான் எடுத்தேன். ஆள் தேடப் போகும்போது நீங்களும் அந்தப் பக்கமாகப் போய் உட்காருங்கள். மழை வந்தால் மட்டும் எழுந்துவிடுங்கள், கூரை கிடையாது.